நூல் பிடிக்கும் அன்றே முடிவாகிவிடுகிறது

பெரியம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அழைத்துவந்த அன்று மாலைதான் அது எங்களுக்குத் தெரிந்தது. வாடகைக்கு எடுத்த சக்கர நாற்காலி கூடத்தைக் கடந்தது, படுக்கையறைக்குள் போனது, குளியலறை வாசலில் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் நிலையில் இடித்தது. அண்ணன் டேப் எடுத்து அளந்தார். நிலையின் வெளி அளவு இரண்டரை அடி. இரண்டு பக்கச் சட்டத்தின் கனமும் திறந்து நிற்கும் கதவின் தடிமனும் போக, மிச்சம் 24 அங்குலம். நாற்காலியின் அகலம் 26 அங்குலம். அந்த இரண்டு அங்குலத்துக்காகப் பெரியம்மா இரண்டு மாதம் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்ட கமோடு நாற்காலியில்தான் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டார். யாராவது அறைக்குள் வந்துவிடுவார்களோ என்ற பதற்றத்தோடு கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். எலும்பு வலியைவிட அவரை அதிகம் வாட்டியது அந்தக் கூச்சம்தான்.

வீடு கட்டும்போதே அந்த நிலையை மூன்றடியாகச் செய்யச் சொல்லியிருந்தால் மேல்சட்டத்தில் அரை அடி மரமும் கதவில் அரை அடி அகலமும் கூடியிருக்கும், அவ்வளவுதான். இப்போது மாற்றுவதென்றால் நிலையைப் பெயர்க்க வேண்டும், சுவரை உடைக்க வேண்டும், நிலைக்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டல் அந்த அகலத்துக்குப் போதுமா என்று பார்க்க வேண்டும். டைல்ஸ் உடையும், அதே ரகம் திரும்பக் கிடைக்காது. வாரக்கணக்கில் தூசி. வீட்டில் நோயாளி இருக்கும்போது யாரும் அந்த வேலையைத் தொடங்கமாட்டார்கள்.

ஒரு கட்டிடத்தை எல்லோரும் பயன்படுத்த முடியுமா என்பது, வரைபடத்தில் கோடு போடும்போதும் மனையில் மேஸ்திரி நூல் பிடிக்கும்போதும் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. சட்டம், தீர்ப்பு, விழிப்புணர்வு எல்லாம் தேவைதான். ஆனால் அவை அந்த நாளுக்கு முன்பாக அந்த மனைக்கு வந்து சேர வேண்டும். நம் ஊரில் அவை வந்து சேராமல் போவது எங்கே, ஏன் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

யாருக்காக?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர், மொத்த மக்கள்தொகையில் 2.21 சதவீதம். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 11.8 லட்சம் பேர். அன்றைய கணக்கெடுப்பு எட்டு வகைகளைத்தான் கேட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. ஆகவே உண்மையான எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். அப்புறம், 60 வயதைத் தாண்டியவர்களின் விகிதத்தில் தமிழ்நாடு கேரளத்துக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. 2021ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி 13.6 சதவீதம், அதாவது ஏழு பேரில் ஒருவர். முட்டி தேய்ந்தவர், மாடிப்படியில் மூச்சு வாங்குபவர், கண்புரையால் படியின் விளிம்பு மங்கலாகத் தெரிபவர் என்று இவர்களில் பலர் எந்தக் கணக்கிலும் மாற்றுத்திறனாளி இல்லை. நிறைமாதக் கர்ப்பிணி, கால் உடைந்து கட்டுப்போட்ட இளைஞர், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுகிற தாய், எரிவாயு உருளையைத் தூக்கிவரும் தொழிலாளி என்று சேர்த்துக்கொண்டே போகலாம்.

இந்த இடத்தில் இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அணுகல்தன்மை என்பது, தடை இருக்கும் இடத்தில் அதை நீக்கி மாற்றுத்திறனாளி உள்ளே வர வழி செய்வது. முன்வாசலில் ஏழு படி, பின்பக்கம் குப்பைத்தொட்டிக்கு அருகே ஒரு சாய்தளம் என்று வைத்தாலும் சட்டத்தின் கணக்கில் அது அணுகல்தன்மையாகிவிடலாம். அனைவருக்குமான வடிவமைப்பு அதைத் தாண்டிப் போகிறது. முன்வாசலையே எல்லோரும் ஒன்றாக நுழையும்படி அமைப்பது அது. இந்தக் கருத்துக்கு யுனிவர்சல் டிசைன் என்று பெயர் வைத்தவர் அமெரிக்கக் கட்டிடக் கலைஞர் ரான் மேஸ். சிறுவயதில் போலியோ தாக்கியதால் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். 1980களில் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். வடக்கு கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய மையம் 1997இல் ஏழு கோட்பாடுகளை வெளியிட்டது. எல்லோரும் சமமாகப் பயன்படுத்துவது, பல விதமாகப் பயன்படுத்த இடம் கொடுப்பது, பார்த்தாலே புரிவது, தகவல் கண்ணுக்கும் காதுக்கும் கைக்கும் எட்டுவது, தவறிச் செய்தாலும் ஆபத்து வராதது, உடலை வருத்தாதது, போதுமான இடம் இருப்பது. ஒவ்வொன்றையும் நம் ஊர்க் கட்டிடம் ஒன்றுக்குள் நடந்தபடி யோசித்துப் பாருங்கள். எது இல்லை என்பது உடனே தெரிந்துவிடும்.

ஒரு அடிக்குப் பன்னிரண்டு அடி

தமிழ்நாட்டுக் கட்டிடங்களில் முதல் தடை பேஸ்மட்டம், அதாவது தரைத்தளத்தைத் தெருவிலிருந்து உயர்த்தும் மேடை. மூன்றடி, நான்கடி என்று உயர்த்துகிறோம். மழைநீர் புகும் என்ற பயம் நியாயமானது. ஆனால் உயரம் கூடிக்கொண்டே போவதற்குச் சாலையும் ஒரு காரணம். பழைய தார்ப் பரப்பைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிதாகப் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிடுகிறது, பழைய வீடுகள் பள்ளத்தில் போய்விடுகின்றன. இதைக் கண்ணால் பார்த்தவர்கள், புதிதாகக் கட்டும்போது வருங்காலச் சாலையையும் கணக்கில் வைத்து இன்னும் ஓரடி சேர்த்துக்கொள்கிறார்கள். அந்த ஓரடி, வாசலில் இரண்டு படி கூடுதல். தெருவைச் சுரண்டிவிட்டுப் போடுவதும் அணுகல்தன்மைக்கான வேலைதான் என்று நான் சொல்வது இதனால்தான். அது எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் அந்தத் தலைப்பின் கீழ் வருவதில்லை.

பேஸ்மட்டத்தின் உயரம்தான் சாய்தளத்தின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. இந்திய விதிமுறைகள் அனுமதிக்கும் அதிகபட்சச் சரிவு 1க்கு 12. மேஸ்திரி பாஷையில் சொன்னால், ஒரு அடி ஏற பன்னிரண்டு அடி ஓட்டம் வேண்டும். ஒன்றரை அடிக்கு 18 அடி. மூன்றடி என்றால் 36 அடி, நடுவில் நின்று மூச்சுவிட ஐந்தடிச் சமதளம் வேறு, ஏனென்றால் இந்தச் சரிவில் 9 மீட்டருக்கு ஒருமுறை சமதளம் இருந்தாக வேண்டும். அகலம் 1.2 மீட்டருக்குக் குறையக் கூடாது. இரண்டு பக்கமும் கைப்பிடி, அதுவும் நிற்பவருக்கும் உட்கார்ந்திருப்பவருக்கும் எட்டும்படி இரண்டு உயரங்களில். ஓரத்தில் சக்கரம் நழுவாமல் சிறு விளிம்பு.

இந்த 12 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் உடலில் இருக்கிறது. ஆளும் நாற்காலியும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1க்கு 12 சரிவில் அதை மேலே தள்ள, உராய்வைக் கணக்கில் சேர்க்காமலே, ஏழரை கிலோ அளவுக்கு விசை வேண்டும். பழக்கப்பட்ட கைகளால் முடியும். 1க்கு 4 சரிவில் அதே வேலைக்கு 22 கிலோ. தானாக ஏற முடியாது என்பதோடு போகாது. முன்சக்கரம் தூக்கி, நாற்காலி பின்பக்கமாகக் கவிழும். இறங்கும்போது உள்ளங்கைத் தோல் சக்கர வளையத்தில் உரசி எரியும்.

நம் ஊரில் பார்க்கிற சாய்தளங்களில் எத்தனையோ 1க்கு 4, 1க்கு 5தான். படிகளைக் கட்டி முடித்தபின், மிச்சம் இருக்கும் இடத்தில் அடைத்துப் போட்டவை. ஒரு வங்கிக் கிளையில் நண்பர் ஒருவருடன் போனேன். சாய்தளம் இருந்தது, நீலப் பலகையும் இருந்தது. சரிவின் உச்சியில், சமதளமே இல்லாமல், வெளிப்பக்கம் திறக்கும் கண்ணாடிக் கதவு. கதவைத் திறக்க ஒரு கையை எடுத்தால் நாற்காலி பின்னால் உருளும். காவலாளி நல்ல மனிதர், ஓடிவந்து பிடித்துத் தள்ளினார். நண்பர் நன்றி சொன்னார். திரும்பி வரும்போது, "ஒவ்வொரு இடத்திலும் நன்றி சொல்லியே என் நாள் போகுது" என்றார். கிரானைட்டும் கண்ணாடியும் போட்டுப் பல லட்சம் செலவழித்த கட்டிடம் அது. சாய்தளத்துக்குமேல் ஐந்தடிச் சமதளம் விட்டிருந்தால் அவருக்கு யாருடைய உதவியும் தேவைப்பட்டிருக்காது.

வேலை நடக்கும் வரிசை

பேஸ்மட்டம் முடிந்தால் அடுத்தது நிலைகள். கதவு திறந்த நிலையில் 900 மில்லிமீட்டர் இடைவெளி தெளிவாக இருக்க வேண்டும் என்பது அளவு. படுக்கையறைக்கு மூன்றடி, குளியலறைக்கு இரண்டரை அடி என்பது நம் ஆசாரிகளின் கையில் ஊறிய கணக்கு. யாரும் கெட்ட எண்ணத்தில் போட்டதில்லை. குளியலறை சின்ன அறை, சின்னக் கதவு போதும் என்ற பழக்கம். ஆனால் ஒருவருக்கு உடல் முடியாமல் போகும்போது வீட்டிலேயே மிக முக்கியமான அறை அதுவாகிவிடுகிறது.

பொதுக் கட்டிடத்தின் கழிப்பறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாத் தவறுகளும் ஒன்றுகூடும் இடம் அது. சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப 1500 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டம் தேவை. அதனால்தான் அறை ஏறக்குறைய 2 மீட்டருக்கு 2.2 மீட்டர் என்று கேட்கிறார்கள். கழிப்பிருக்கையின் உயரம் 450 முதல் 480 மில்லிமீட்டர். நாற்காலியின் இருக்கையும் அதே உயரத்தில் இருப்பதால், பக்கவாட்டில் நகர்ந்து உட்காரலாம். நகர்வதற்கு ஒரு பக்கம் காலியாக இருக்க வேண்டும், மறுபக்கம் சுவரில் பிடி வேண்டும். அந்தப் பிடி ஒரு ஆளின் முழு எடையையும் தாங்கும். அதனால் சுவர்ப் பூச்சில் மட்டும் இறங்கிய திருகாணி போதாது, பிடி வரும் இடத்தில் சுவர் திடமாக இருக்க வேண்டும் என்று கொத்தனாருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் அல்லது நகரும் கதவாக இருக்க வேண்டும். இதன் காரணத்தைச் சொன்னால் எந்த மேஸ்திரியும் மறக்கமாட்டார்: உள்ளே ஒருவர் மயங்கி விழுந்து கதவின்மேல் கிடந்தால், உட்பக்கம் திறக்கும் கதவை யாராலும் தள்ள முடியாது. அவசர மணிக் கயிறு தரையிலிருந்து ஓரடி உயரத்திலும் எட்ட வேண்டும் என்பதும் இதே காரணத்துக்காகத்தான், விழுந்து கிடப்பவரின் கைக்கு எட்ட வேண்டும். துப்புரவு செய்யும்போது இடைஞ்சல் என்று அந்தக் கயிற்றைச் சுருட்டி மேலே கட்டிவைத்திருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். இவ்வளவும் சரியாகக் கட்டி, கடைசியில் பூட்டுப் போட்டுத் துடைப்பமும் வாளியும் வைக்கும் அறையாக ஆக்கிவிட்ட இடங்களும் உண்டு.

மின்தூக்கியிலும் இதே கதைதான். அடுக்குமாடிகளில் அதிகம் பொருத்தப்படும் ஆறு பேர் மின்தூக்கியின் உள்ளளவு 1100க்கு 1000 மில்லிமீட்டர், கதவு 700. கால்தாங்கியுடன் ஒரு சக்கர நாற்காலியின் நீளமே ஒரு மீட்டரைத் தாண்டும். கதவே குறுகல், உள்ளே போனாலும் கதவு மூடாது, கூட வருபவருக்கு இடமில்லை. விதிமுறை எதிர்பார்க்கும் அளவு 1500க்கு 1500, கதவு 900. மின்தூக்கிக் குழியின் அளவு அடித்தளம் போடும்போதே முடிவாகிவிடுகிறது. பிறகு பெரிய மின்தூக்கி வாங்கக் குடியிருப்போர் சங்கம் பணம் திரட்டினாலும் குழி இடம் தராது. கீழே வாகன நிறுத்தம் வைத்துக் கட்டும் குடியிருப்புகளில் இன்னொரு கொடுமை: மின்தூக்கி வாசலுக்குப் போகவே நான்கு படி ஏற வேண்டியிருக்கும்.

கடைசியாக டைல்ஸ். பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான தொடு ஓடுகளை ஜப்பானியர் செய்இச்சி மியாகே உருவாக்கினார். 1967 மார்ச் 18 அன்று ஒகயாமா நகரில் ஒரு பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதன்முதலில் அவை பதிக்கப்பட்டன. இன்று உலகம் முழுக்க இருக்கும் அந்த மஞ்சள் ஓட்டுக்கு எளிய மொழி ஒன்று உண்டு. நீளக் கோடுகள் இருந்தால் இந்த வழியே போ, குமிழ்கள் இருந்தால் நில், கவனி. படிக்கு முன்பும் திருப்பத்திலும் தடம் முடியும் இடத்திலும் குமிழ் வர வேண்டும். இந்த மொழி தெரியாதவர் பதித்தால் என்ன ஆகும்? கோடு நேராக விளக்குக் கம்பத்தில் போய் முட்டும். நடைபாதை முழுக்கக் குமிழ் ஓட்டையே அழகுக்காகப் பரப்பிவிடுவார்கள். தரையின் நிறத்தோடு பொருந்த வேண்டும் என்று சாம்பல் தரையில் சாம்பல் ஓடு வைப்பார்கள். ஓரளவு பார்வை இருப்பவருக்கு அந்த நிற வேறுபாடுதான் வழிகாட்டி, அதையும் எடுத்துவிட்டால் ஓடு பதித்தும் பயனில்லை. பதிக்கும் தொழிலாளிக்கு இதைக் கற்றுக்கொடுக்க அரைமணி நேரம் போதும். யாரும் அதைச் சொல்வதில்லை, அதுதான் நடக்கிறது.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

1995ஆம் ஆண்டுச் சட்டமும் சாய்தளம், கழிப்பறை எல்லாம் கேட்டது. ஆனால் பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்ற சொற்றொடரைச் சேர்த்தே கேட்டது. வசதி இல்லை என்று சொன்னால் முடிந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வாசலை அடைத்தது. அதன் 44ஆவது பிரிவு நேரடியானது: விதிகளைப் பின்பற்றாத வரைபடத்துக்குக் கட்டிட அனுமதி கிடையாது, பின்பற்றாத கட்டிடத்துக்குப் பணி முடிப்புச் சான்றிதழ் கிடையாது, குடியேறவும் விடக் கூடாது. 45ஆவது பிரிவு ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டிடங்களை விதிகள் வந்த ஐந்து ஆண்டுக்குள் மாற்றச் சொன்னது. பொதுக் கட்டிடம் என்றால் அரசு அலுவலகம் மட்டும் அல்ல. மக்கள் புழங்கும் தனியார் மருத்துவமனை, கடை, திரையரங்கு, கல்லூரி எல்லாமே. விதிகள் 2017 ஜூனில் வந்தன. ஐந்து ஆண்டுகள் 2022 ஜூனில் முடிந்துபோயின.

சட்டம் இவ்வளவு கறாராக இருந்தும் ஏன் நகரவில்லை என்பதற்கான ஒரு விடையை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று சொன்னது. பார்வை மாற்றுத்திறனாளியான ராஜீவ் ரதுரி 2005இல் தொடுத்த வழக்கு அது. சட்டம் கட்டாயம் என்கிறது. ஆனால் அதன்கீழ் வந்த 15ஆவது விதி சுட்டிக்காட்டிய வழிகாட்டிகளின் நடையோ பெரும்பாலும் பரிந்துரையாக, 'செய்யலாம்', 'இருந்தால் நல்லது' என்ற தொனியில் இருந்தது. எது குறைந்தபட்சக் கட்டாயம், எது படிப்படியாக எட்ட வேண்டிய இலக்கு என்ற பிரிவினையே இல்லை. ஆகவே 15ஆவது விதியின் முதல் உட்பிரிவு மூலச் சட்டத்துக்கே முரணானது என்று நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. கட்டாயமான அளவுகளைத் தனியே பிரித்து மூன்று மாதத்துக்குள் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஹைதராபாதின் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தில் உள்ள மாற்றுத்திறனாளர் ஆய்வு மையம் கள ஆய்வு செய்து அளித்த அறிக்கையும் இந்தத் தீர்ப்புக்குத் துணைநின்றது.

கட்டிட வேலை தெரிந்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பின் அருமை உடனே விளங்கும். வரைபடத்தைச் சரிபார்க்கும் பொறியாளரின் கையில் 'முடிந்தவரை' என்ற சொல் எதையும் தடுக்க உதவாது. '900 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அனுமதி இல்லை' என்றால்தான் அவரால் கோப்பைத் திருப்பி அனுப்ப முடியும். தீயணைப்பு விதிகள் அப்படித்தான் நடக்கின்றன. படிக்கட்டின் அகலம் குறைந்தால் தடையின்மைச் சான்று வராது, அதனால் பெரும்பாலும் யாரும் குறைப்பதில்லை.

ஆனால் இந்தச் சட்டம் தொடாத பெரிய பரப்பு ஒன்று இருக்கிறது: நாம் வாழும் சாதாரண வீடு. தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டிட விதிகளின்படி சிறிய குடியிருப்புக் கட்டிடங்கள் பலவற்றுக்குப் பணி முடிப்புச் சான்றிதழே தேவையில்லை. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடிக்குள்ளான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று அடிப்படையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. மக்களை அலையவிடாத நல்ல ஏற்பாடு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்த வீடுகளில் குளியலறைக் கதவு எத்தனை அங்குலம் என்று கேட்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. அங்கே பேச வேண்டியவர் மேஸ்திரிதான், கேட்க வேண்டியவர் வீட்டுக்காரர்தான்.

தற்காலிகமாக ஒரு வழி

2001 ஜனவரியில் இயற்பியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் டெல்லிக்கு வந்தார். குதுப்மினாரையும் வேறு சில நினைவிடங்களையும் பார்க்க விரும்பினார். எங்கும் சக்கர நாற்காலி போக வழியில்லை. மாற்றுத்திறனாளி உரிமைச் செயல்பாட்டாளர்கள் குரல் எழுப்பிய பிறகு மரச் சாய்தளங்கள் அவசரமாக வைக்கப்பட்டன. அவர் பார்த்துவிட்டுப் போனார், சாய்தளங்களும் எடுக்கப்பட்டன. அதே ஊரில் வாழும், அதே மினாரைப் பார்க்க ஆசைப்பட்ட மற்றவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்?

மெரினாவிலும் சில ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது. டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டிச் சில நாட்களுக்கு மணலில் தற்காலிகப் பாதை போடுவார்கள். அந்த நாட்களுக்காகக் காத்திருந்து, வாழ்வில் முதன்முறையாக அலையில் கால் நனைத்தவர்கள் இருக்கிறார்கள். நிரந்தரமாக வேண்டும் என்ற பல ஆண்டுக் கோரிக்கைக்குப் பிறகு 2022 நவம்பர் 27 அன்று 263 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டது. அகலம் 3 மீட்டர், செலவு 1.14 கோடி ரூபாய். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் கரையைக் கடந்தபோது கடலை ஒட்டிய பகுதி சேதமானது. அன்று பலர் கோபப்பட்டார்கள், பணம் வீண் என்றார்கள். பாதை சரிசெய்யப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது, பெசன்ட் நகர்க் கடற்கரைக்கும் அப்படியொரு பாதை வந்தது. புயலில் சேதமான சாலையை அது வீண் என்று யாரும் விட்டுவிடுவதில்லை, திரும்பப் போடுகிறோம். இந்தப் பாதையும் சாலைதான். அதில் ஊன்றுகோலோடு வரும் தாத்தாக்களையும் பேரப்பிள்ளையைத் தள்ளுவண்டியில் தள்ளிவரும் பாட்டிகளையும் பார்க்கும்போது, யாருக்காகக் கேட்டது யாருக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது புரியும்.

தொழிலுக்குள் கொண்டுபோவது

கட்டுமானத் தொழிலையே இந்தப் பக்கம் திருப்பிய ஒரு ஊர் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. சிங்கப்பூரின் வீடமைப்பு வாரியக் குடியிருப்புகளில் வாழ்ந்த பழைய தமிழர்களைக் கேட்டால், மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காத காலத்தைச் சொல்வார்கள். சில மாடிகளில் மட்டும் நிற்கும், மற்றவர்கள் அங்கிருந்து படியேறவோ இறங்கவோ வேண்டும். 1990இல் கட்டிடங்களுக்கான தடையற்ற அணுகல் விதித்தொகுப்பு வந்தது. 2001 முதல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் பழைய அடுக்ககங்களில் மாடிதோறும் நிற்கும்படி மாற்றினார்கள். பழைய தனியார் கட்டிடங்களை மாற்ற 2007இல் ஒரு நிதி ஏற்படுத்தப்பட்டு, செலவில் ஒரு பங்கை அரசே ஏற்றது. 2012இல் கட்டிட, கட்டுமான ஆணையம் அனைவருக்குமான வடிவமைப்புக்கென்று ஒரு தர முத்திரையை அறிமுகப்படுத்தியது. விதியின் குறைந்தபட்சத்தைத் தாண்டிச் செய்த கட்டுநர்கள் அதைப் பெற முடிந்தது, விளம்பரத்தில் போட்டுக்கொள்ள முடிந்தது. முதியவர் வீட்டுக் குளியலறையில் பிடி வைக்கவும் தரை வழுக்காமல் செய்யவும் தனித் திட்டம் வந்தது. கட்டாயம் ஒரு பக்கம், பணம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம். மூன்றும் சேர்ந்துதான் அங்கே வேலை நடந்தது. நம்மிடம் கட்டாயம் சட்டத்தில் இருக்கிறது, மற்ற இரண்டும் கண்ணுக்குத் தெரியவில்லை.

இங்கே எனக்கு முக்கியமாகப் படுவது கல்வி. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47ஆவது பிரிவு, பொறியாளர்கள், கட்டிடக் கலைஞர்கள் உள்ளிட்டோரின் படிப்பில் மாற்றுத்திறன் ஒரு பகுதியாக இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் தமிழ்நாட்டுச் சிறு நகரங்களில் வீட்டு வரைபடம் போடுபவர் பெரும்பாலும் டிப்ளமோ முடித்தவர் அல்லது கணினியில் வரையத் தெரிந்த இளைஞர். அவர் ஒரு வரைபடத்தை வைத்துப் பத்து வீட்டுக்குப் போடுகிறார். அந்த ஒரு வரைபடத்தில் குளியலறைக் கதவை மூன்றடி ஆக்கிவிட்டால் பத்து வீடு மாறும். மேஸ்திரி, டைல்ஸ் பதிப்பவர், பிளம்பர், மின்தூக்கி விற்பவர் ஆகியோருக்கு அவர்கள் மொழியில், அடிக் கணக்கில், காரணத்தோடு சொல்லும் பயிற்சி வேண்டும். எஸ்டிமேட்டில் கைப்பிடிக்கும் சாய்தளத்துக்கும் தனி வரி வேண்டும். வரி இல்லாத வேலை, கடைசியில் பணம் தீரும்போது முதலில் விடுபட்டுப் போகும்.

பயன்படுத்தப்போகிறவரை வரைபடக் கட்டத்திலேயே கூப்பிட வேண்டும். திறப்பு விழாவுக்கு முந்தைய வாரம் ஆய்வுக்கு அழைத்தால், அவர் சொல்வதைக் குறித்துக்கொள்வதைத் தவிர யாராலும் எதுவும் செய்ய முடியாது.

போன ஆண்டு என் சித்தப்பா மகன் வீடு கட்டத் தொடங்கினான். பெரியம்மா பட்ட பாட்டைப் பார்த்தவன் என்பதால் மனை பார்க்க என்னையும் அழைத்தான். மேஸ்திரி ஒன்றரை அடி பேஸ்மட்டத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார். 18 அடி ஓட்டம் வேண்டும் என்றேன். எங்கே இடம் என்று அவர் கேட்டார். கார் நிற்கும் இடத்தின் ஓரமாகக் காம்பவுண்டை ஒட்டிப் போகலாம், ஆனால் நடுவில் தண்ணீர்த் தொட்டிக்கு அடையாளம் இட்டிருந்தது, அதன் மூடி சரியாகச் சாய்தளத்தின் நடுவில் வரும். மேஸ்திரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் காலால் அந்தக் கோட்டைத் தேய்த்து அழித்துவிட்டு, நான்கடி தள்ளி வேறு கோடு போட்டார். குளியலறை நிலைக்கு மூன்றடி என்று ஆசாரிக்கு அங்கிருந்தே போன் செய்தார். தொட்டிக்குப் பள்ளம் தோண்ட ஆட்கள் மறுநாள் காலையில்தான் வருவதாக இருந்தது.